செல்லுபடியான வாக்கியம்

இத்தாலியில் பலெர்மோ நகரத்துக்கு மேல்படிப்புக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ரொசால்பா இத்தாலியன் சொல்லிக்கொடுத்தார். அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வந்ததும் புத்தகத்தைத் தொடமாட்டார். "நேற்று வெளியே செல்லுபடியான வாக்கியம் எது?" என்று கேட்பார். கடையிலோ பஸ்ஸிலோ நாம் சொல்லி, எதிராளி "என்ன?" என்று திருப்பிக் கேட்காமல் விளங்கிக்கொண்ட வாக்கியம் எதுவானாலும் சரி. சொன்னவருக்கு வகுப்பே கைதட்டும்.

ஈரோட்டிலிருந்து வந்த கோகிலவாணிக்கு அந்தக் கைதட்டல் ஒருநாளும் கிடைத்ததில்லை. அவள் ஒரு ரொட்டி கேட்டால் கடைக்காரர் "என்ன?" என்பதோடு விடமாட்டார். "எந்த வீட்டில் வேலை பார்க்கிறாய்?" என்றும் கேட்பார். அந்த ஊரில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வீட்டு வேலை செய்து பிழைக்கிறார்கள். இவளையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கோகிலவாணிக்கு அது பொறுக்காது. கட்டடக்கலை படிக்க வந்தவளாக்கும் அவள்.

அன்று காலை அவள் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மர்செலா, பிரேசில்காரி, அவளுக்குப் பதிலாகக் கையைத் தூக்கினாள்.

"இன்று கோகிலாவுக்குத்தான் கைதட்டல்! நேற்று மருந்துக்கடையில் இரண்டே வார்த்தை சொன்னாள். 'நோன் கபீஸ்கோ.' கடைக்காரர் அசந்துபோய், 'நீ இங்கேயே பிறந்தவளா?' என்று கேட்டார்."

'நோன் கபீஸ்கோ' என்றால் 'எனக்குப் புரியவில்லை' என்று அர்த்தம். வகுப்பு சிரித்தது, மேஜையைத் தட்டியது, கைதட்டியது. கோகிலவாணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

ரொசால்பா கைதட்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "புத்தகத்தைத் திறங்கள்" என்றார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனார்கள். கோகிலவாணி மட்டும் போகவில்லை. அந்த நாட்டுப் பழக்கப்படி மற்ற பிள்ளைகள் ஆசிரியையைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவளுக்கு அது வரவே வராது.

"டீச்சர், மன்னிப்புக் கேட்பதற்கு இத்தாலியனில் ரொம்பக் கனமான வார்த்தை எது?"

"பஸ்ஸில் காலை மிதித்தால் ஒன்று இருக்கிறது. துக்க வீட்டுக்கு ஒன்று. தேவாலயத்தில் மண்டிபோட்டுச் சொல்ல ஒன்று."

"மண்டிபோட்டுச் சொல்வதைக் கொடுங்கள்."

ரொசால்பா ஒரு நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"யாரிடம் சொல்லப்போகிறாய்?"

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. தெரிந்த இத்தாலியனும் பாதியில் கைவிட, விக்கி விக்கி அழுதுகொண்டே நேற்று நடந்ததைச் சொன்னாள்.

மருந்துக்கடையில் இவளுக்கு முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், காதுவலி. கடைக்காரர் ஒரு புட்டியில் மருந்துத் தூளைக் கொடுத்து, அதில் தண்ணீர் கலக்கும் விதத்தை மளமளவென்று சொன்னார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தவள் கோகிலவாணியைக் கண்டதும் முகம் மலர்ந்தாள்.

"தங்கச்சி, நீங்கள் தமிழோ? இந்தத் தூளுக்கு எவ்வளவு தண்ணி விட வேணுமெண்டு இவரிட்டக் கேட்டுச் சொல்லுறீங்களோ? நான் இஞ்ச வந்து ரெண்டு மாசம்தான்."

கடைக்காரர் இவளைப் பார்த்தார். கூட வந்திருந்த மர்செலாவும் பார்த்தாள். ஆமாம் என்று சொன்னால் போதும், தானும் வீட்டு வேலைக்காரி ஆகிவிடுவோம் என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் புத்தி அப்படித்தான் போயிற்று. "நோன் கபீஸ்கோ" என்றாள். அதுவரை முரண்டு பிடித்த நாக்கு அன்றைக்கென்று பார்த்து வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது.

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. "குறை நினையாதேங்கோ, தமிழ் ஆக்கள் எண்டு நினைச்சிட்டன்" என்று இவளிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போனாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரொசால்பா, "கடைக்காரர் சொன்னது உனக்கு விளங்கியதா?" என்றார்.

"ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது டீச்சர். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். புட்டியில் போட்டிருக்கும் கோடு வரைக்கும் விட்டு, நன்றாகக் குலுக்க வேண்டும்."

"அவள் வீடு தெரியுமா?"

"எங்கள் சந்துக்கு அடுத்த சந்து. நேற்று அவள் உள்ளே போவதைப் பார்த்தேன். இன்றைக்குக் காலையில் வாசல் வரைக்கும் போனேன். மணியில் விரலைக்கூட வைத்துவிட்டேன்."

"அப்புறம்?"

"குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. ஓடிவந்துவிட்டேன்."

"ஏன்?"

"தமிழில் வாயைத் திறந்தால் நேற்று சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியவள்தான் நான். ஆனாலும் முடியவில்லை டீச்சர். அதனால்தான் இத்தாலியனில் கனமாக ஒரு வார்த்தை கேட்டேன். அதைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று."

"அவளுக்குத்தான் இத்தாலியன் தெரியாதே."

கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள். மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டைகூட இல்லாமல் துப்பட்டாவால் துடைத்தாள். தன்னை நினைக்கத் தனக்கே அருவருப்பாக இருந்தது.

"சரி, தமிழிலேயே சொல்கிறேன்" என்றாள் கடைசியில். "ஆனால் எந்த வார்த்தையும் போதாது போல இருக்கிறது. கதவைத் திறந்ததும் அவளிடம் எதைச் சொல்லி ஆரம்பிப்பது?"

ரொசால்பா எழுந்து, மேஜைமேல் கிடந்த அவளுடைய பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"எவ்வளவு தண்ணீர் என்று கேட்டாளே, அதைச் சொல்லி ஆரம்பி."