அடிப்பக்கத்து நிறம்

மார்சலினுக்குத் தன் குருவைவிட இருபது வயது கூட. அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மாஸ்டர், மாஸ்டர் என்று வாய் நிறையக் கூப்பிடுவார். குருவுக்குத்தான் கொஞ்சம் கூச்சம்.

குருவின் பெயர் துஷ்யந்தன். மெல்பேர்ணில் ஒரு பல் கட்டும் கூடத்தில் வேலை. யாருக்கு எந்தப் பல் விழுந்தாலும் பக்கத்துப் பல்லைப் பார்த்து அதே நிறத்தில் இன்னொன்று செய்துவிடுவார். சனிக்கிழமைகளில் அதே கண்ணோடும் அதே கையோடும் போர்விமானங்கள் செய்வார். முழங்கை நீளம்கூட வராத பிளாஸ்டிக் விமானங்கள். நூலகத்தின் பின்னறையில் அதற்கென்று ஒரு சங்கம் கூடும். அங்கே துஷ்யந்தன் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது.

மார்சலின் அங்கே போய்ச் சேர்ந்தது மனைவி இறந்த பிறகு. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று மகள்தான் கொண்டுபோய் விட்டாள். நீர்கொழும்புக்காரர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் சிங்களம், மாதா கோயிலில் இரண்டும். அந்த அறையில் தமிழ் பேச ஒரு ஆள் இருந்ததைக் கண்டதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"முந்தி என்ன வேலை செய்தனீங்கள் அண்ணை?" என்று முதல் நாளே துஷ்யந்தன் கேட்டார்.

"நீங்க எந்த ஊர்?"

"வன்னி. கிளிநொச்சிப் பக்கம்."

"நான் பெயின்ற் அடிச்சனான். பஸ்ஸுக்கு," என்றார் மார்சலின்.

பெயின்ற் அடித்தது உண்மை. பஸ் என்பது பொய். அவர் இலங்கை விமானப்படையில், வன்னியில் குண்டு போட்ட அதே படையில் இருந்தவர். வாழ்நாளில் பாதியை விமானங்களுக்கு நிறம் அடித்தே கழித்தவர். வன்னி என்ற சொல் காதில் விழுந்ததும் நாக்கு தானாகவே பஸ் பக்கம் திரும்பிவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பயந்துகொண்டேதான் வந்துபோனார். உண்மை தெரிந்தால் இந்த மனிதர் தன் முகத்தில் விழிக்கமாட்டார். இந்த அறையும் போய்விடும். மகள் வீட்டுச் சுவரும் அவரும்தான் மிச்சம்.

கற்பது சுலபமாக இருக்கவில்லை. கூரை உயர விமானத்துக்கு நிறம் அடித்த கைக்கு, நகத்தளவு கதவுக்குக் கோடு இழுக்க வரவில்லை. யானையைக் குளிப்பாட்டியவனிடம் எறும்பைக் கொடுத்த மாதிரி இருந்தது. துஷ்யந்தன் சிரிக்கமாட்டார். திருத்துவார்.

ஒருமுறை மார்சலின் சக்கரக்குழிக்குள் அடித்த பச்சை ஒரு சொட்டு கூடிப்போயிற்று. சக்கரத்தைப் பொருத்திவிட்டால் கண்ணுக்கே தெரியாத இடம்.

"பரவாயில்லைதானே மாஸ்டர்? ஆர் பாக்கப்போகினம்?"

துஷ்யந்தன் பஞ்சை நிறம் அகற்றும் திரவத்தில் தோய்த்து அந்தப் பச்சை முழுவதையும் துடைத்தெடுத்தார். இரண்டு வாரத்து வேலை. பிறகு தூரிகையை மார்சலினிடம் நீட்டினார்.

மார்சலினுக்கு அழுகை வராத குறை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றார், கையில் ஒரு பை நிறைய மீன் அடைத்த பணிஸ் ரொட்டியோடு.

இப்படி எல்லாவற்றிலும் மயிரிழை பார்க்கிற துஷ்யந்தன் ஒரேயொரு விமானத்தில் மட்டும் சறுக்கினார். வருஷா வருஷம் அதே விமானத்தைப் புதிதாகச் செய்வார். வன்னியில் அதற்கு ஒரு பெயர் உண்டு. சத்தம் கேட்டதும் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். துஷ்யந்தன் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'இது' என்பார்.

'இது'வின் மேல்பக்கம் அச்சு அசலாக இருக்கும். பச்சை, பழுப்பு, ஆணித்தலைகள், எண்ணெய் வழிந்த தடம் எல்லாம் அப்படியே இருக்கும். அடிப்பக்கம் மட்டும் கறுப்பு.

அந்த விமானத்தின் அடிப்பக்கம் வெளிர் சாம்பல் என்று புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. சங்கத்தில் எல்லோருக்கும் அது தெரியும். ஆண்டுப் போட்டியில் விமானங்களைக் கண்ணாடியின் மேல் நிறுத்தி, டோர்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். நடுவர் குனிந்து பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். துஷ்யந்தனுக்கு இரண்டாம் இடம். எல்லா வருஷமும் அதே கதைதான்.

சங்கச் செயலாளர் ஒருநாள் புத்தகத்தையே விரித்து அவர் முன்னால் வைத்தார். துஷ்யந்தன் பார்த்தார், தலையாட்டினார், புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். அந்த வருஷமும் கறுப்புத்தான். மற்றவர்கள் ஓரமாகப் போய்ச் சிரித்தார்கள்.

மார்சலினால் அதைப் பொறுக்க முடியவில்லை. பாதி குருவின் மேல் இருந்த அன்பு. மீதியைச் சொல்லத்தான் வேண்டும், அது வேலைக்காரனின் எரிச்சல். நிஜ விமானத்தின் அந்த அடிப்பக்கத்துக்கு நிறம் அடித்தவர் அவர்தான். தான் அடித்த நிறத்தை இன்னொருவர், அதுவும் தன் குரு, கண்முன்னால் பிழையாக அடித்துப் பேர் கெடுத்துக்கொள்கிறார். வாயைத் திறந்தால் குரு போய்விடுவார். திறக்காவிட்டால் குருவின் பெயர் போகிறது.

போட்டிக்கு முந்திய சனிக்கிழமை மற்றவர்கள் கோப்பி குடிக்க வெளியே போயிருந்தார்கள். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. துஷ்யந்தன் இந்த வருஷத்து விமானத்துக்குக் கடைசித் தூசு தட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்கோ அண்ணை."

"ஒரு ஆணி பிசகினாலே விடமாட்டீங்கள். இதுக்கு மட்டும் ஏன் அடியில கறுப்பு அடிக்கிறீங்கள்?"

"அது கறுப்புத்தானே."

"இல்லை மாஸ்டர். வெளிர் சாம்பல்."

"ஓம், புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு."

"புத்தகத்தை விடுங்கோ."

மார்சலின் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கரண்டியை எடுத்தார். நிறத்தை முதலில் கரண்டியின் முதுகில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் விமானத்தில் அடிப்பது அங்கே வழக்கம். கடதாசியை விலக்கிக் கரண்டியைக் குருவின் கையில் வைத்தார். ஒரு மாதம் வீட்டில் இருந்து கலந்து, தள்ளி, மறுபடி கலந்து பிடித்த நிறம் அது.

துஷ்யந்தன் கரண்டியை யன்னலடிக்குக் கொண்டுபோனார். பல்லுக்கு நிறம் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாக் கலந்திருக்கிறீங்கள் அண்ணை. துளி மஞ்சளும் சேர்த்திருக்கு."

"ஓம்."

"எந்தப் படத்திலயும் இந்த மஞ்சள் தெரியாது."

மார்சலின் கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"எங்க பாத்தனீங்கள்?"

இணையத்தில் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் இத்தனை காலத்தில் இந்த மனிதர் தன் வேலையை வடிவு என்று புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. அதற்குப் பதிலாகப் பொய்யைக் கொடுக்க மனம் வரவில்லை.

"நான் அடிச்சது பஸ்ஸுக்கு இல்லை மாஸ்டர்."

துஷ்யந்தன் திரும்பினார்.

"இதுக்குத்தான். தள்ளுவண்டியில மல்லாந்து படுத்து, அதுக்குக் கீழ போய் அடிக்கிறது. கையை நீட்டினா எட்டும். மேல போனா வானத்தோட வானமா இருக்கோணும், கீழ உள்ள ஆக்களுக்குத் தெரியக்கூடாது, அதுக்குத்தான் இந்த நிறம் எண்டு சொல்லித் தந்தவங்கள். நானும் அப்பிடியே அடிச்சன். நல்லா அடிச்சன்." கையை மேலே நீட்டிக் காட்டினார். "நானும் கீழேயிருந்துதான் பாத்தனான், மாஸ்டர். இது சாம்பல். எனக்குத் தெரியும். இனி இங்க வராதை எண்டா சொல்லுங்கோ, எழும்பிப் போறன்."

வெளியே யாரோ எதற்கோ பலமாகச் சிரித்தார்கள். துஷ்யந்தனின் முகம் மாறவில்லை. கரண்டியையும் கீழே வைக்கவில்லை. 

அவர் கூரைக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார்.

"படுங்கோ அண்ணை."

"என்ன மாஸ்டர்?"

"நிலத்தில. மல்லாந்து படுங்கோ."

மார்சலினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பயமாக இருந்தது. ஆனால் குரு சொன்னால் செய்வதுதான் அவருக்குப் பழக்கம். மேசையைப் பிடித்து ஒரு முழங்காலை மடித்தார், மற்றதை மடித்தார், முனகிக்கொண்டு விரிப்பின் மேல் சாய்ந்தார். துஷ்யந்தன் கதிரையில் கால்வைத்து மேசை மேல் ஏறினார். கூரைக் கண்ணாடிக்கு நேரே கையை உயர்த்தி, சாம்பல் நிறம் கீழே பார்க்கும்படி கரண்டியைப் பிடித்தார்.

"வடிவாப் பாருங்கோ," என்றார். "நாங்கள் அண்டைக்கு முற்றத்தில நிண்டனாங்கள். பங்கருக்கு ஓட நேரம் கிடைக்கேல்ல. அம்மா குப்புறப் படுங்கோ எண்டு கத்தினவ. எனக்குச் சின்னனிலயே விமானம் எண்டா உயிர் அண்ணை. அதைப் பாக்கோணும் எண்டு மல்லாந்து கிடந்தன். தங்கச்சி சொல்வழி கேக்கிற பிள்ளை. அவள் குப்புறத்தான் கிடந்தவள்."

 மார்சலின் கரண்டியை விட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"அவள் எழும்பேல்ல."

கரண்டி அசையாமல் அங்கேயே நின்றது.

"சொல்லுங்கோ அண்ணை. என்ன நிறம்?"

மார்சலின் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெயில் கண்ணுக்குள் குத்தியது. ஒரு மாதம் கலந்த நிறம், துளி மஞ்சளோடு, அங்கே இருந்தாக வேண்டும். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். வெளிச்சத்தின் நடுவே கரண்டியின் உருவம் மட்டும்தான் தெரிந்தது.

"மாஸ்டர்..."

"சொல்லுங்கோ."

"கறுப்பு."

சொன்னதும் அவர் உடைந்துபோனார். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. துடைக்கவும் கை எழவில்லை.

"நான் சாம்பல்தான் அடிச்சன் மாஸ்டர்," என்றார். "மாதா மேல சத்தியமா, நான் சாம்பல்தான் அடிச்சன்."

துஷ்யந்தன் மேசையிலிருந்து இறங்கினார். கரண்டியை ஒரு பக்கம் வைத்தார். கிட்ட வந்து நின்று கையை நீட்டினார்.

மார்சலின் அந்தக் கையைப் பார்த்தார். பிடிக்கத் தைரியம் வரவில்லை. கை அங்கேயே நின்றது. கடைசியில் பிடித்தார். துஷ்யந்தன் அவரை இழுத்து எழுப்பினார். முழங்கால் நிலைத்து அவர் நேராக நிற்கும்வரை தாங்கிக்கொண்டார். பிறகும் கையை விடவில்லை.

"நீங்கள் அடிச்சது சாம்பல்தான் அண்ணை," என்றார். "எங்களிட்ட வரேக்க கறுப்பு."