திமிங்கிலம் பார்க்கப் போன வெள்ளாடு

கடலோர அலையாத்திக் காட்டில் செவத்தி என்று ஒரு வெள்ளாடு இருந்தது. புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாகப் போய் எட்டிப் பார்க்காவிட்டால், அதற்குத் தின்ற தழை செரிக்காது.

ஒருநாள் நீர்நாய் வந்து, கடலில் ஒரு திமிங்கிலம் குட்டி போட்டிருக்கிறது என்றது. தன்னிடம் ஒரு பழைய படகு இருக்கிறது, வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றும் சொன்னது. அவ்வளவுதான். செவத்தி தன் குட்டி மொட்டையனையும் இழுத்துக்கொண்டு முதலில் ஏறி உட்கார்ந்தது. பின்னாலேயே குரங்கும் முயலும் ஏறின. நீர்நாய் கயிற்றைக் கவ்விக்கொண்டு படகை இழுத்தபடி நீந்தியது.

கரை மறைந்த இடத்தில், கரும்பாறை போல ஒரு முதுகு எழுந்தது. புஸ்ஸென்று பனைமர உயரத்துக்குத் தண்ணீரைப் பீய்ச்சியது. முயல் பயந்துபோய்க் குரங்கின் மடியில் ஏறிக்கொண்டது. நீர்நாய், இங்கிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றது.

செவத்தி விடவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு வெறும் முதுகைப் பார்த்துட்டுப் போறதா? குட்டியைக் காட்டுங்க அண்ணே. என் பிள்ளை எவ்வளவு ஆசைப்படுது பாருங்க."

பிள்ளையோ பலகையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

நீர்நாய்க்கும் மறுக்க மனசு வரவில்லை. தண்ணீருக்குள் தெரிந்த சின்ன நிழலுக்கு நேர் மேலே கொண்டுபோய்ப் படகை நிறுத்தியது. நிழல் இந்தப் பக்கம் நகர்ந்தால் படகும் இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் போனால் படகும் அந்தப் பக்கம் போனது. தாய்த் திமிங்கிலம் படகைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"கொஞ்சம் தள்ளிப் போங்க," என்றது அது. "குட்டி மேலே வரணும்."

"அடேயப்பா, பேசுது பாருங்க!" என்று குரங்கு கைதட்டியது. என்ன குரல், என்ன கம்பீரம் என்று முயல் வியந்தது. மேலே வரட்டுமே, அதைப் பார்க்கத்தானே வந்தோம் என்று செவத்தி இன்னும் குனிந்து பார்த்தது.

"என் பிள்ளைக்கு மூச்சு முட்டுது," என்றது திமிங்கிலம்.

செவத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மீனுக்குத் தண்ணிக்குள்ள மூச்சு முட்டுதாம். கேட்டியா கதையை?" என்று குரங்கின் விலாவில் இடித்தது.

கீழே நிழல் துடித்தது. வழி தேடி, படகின் அடியை ஓங்கி முட்டியது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த மொட்டையன் உருண்டு கடலில் விழுந்தது. சாய்ந்த படகு நிமிர்ந்து, அது விழுந்த இடத்தின் மேலேயே வந்து நின்றுவிட்டது.

செவத்தி பதறிப்போய்ப் படகின் விளிம்பில் குனிந்தது. பலகைக்கு அடியில் சின்னக் குளம்புகள் டொக் டொக்கென்று தட்டுகிற சத்தம் கேட்டது.

"படகைத் தள்ளுங்க! என் பிள்ளைக்கு மூச்சு முட்டுது!"

கத்திய வாய் அப்படியே திறந்தபடி நின்றது. இதே வார்த்தையைத்தான் சற்று முன்னால் இன்னொரு தாய் சொன்னது. அதைக் கேட்டுத்தான் செவத்தி சிரித்தது.

நீர்நாய் பல்லைக் கடித்துக்கொண்டு படகை இழுத்தது. படகு விலகிய இடத்தில் தண்ணீர் பிளந்தது. திமிங்கிலக் குட்டி மேலே வந்து, புஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. அதன் முதுகில் நாலு காலையும் பரப்பியபடி மொட்டையன் இருமிக்கொண்டு கிடந்தது.

தாய்த் திமிங்கிலம் மெதுவாக நெருங்கி, மொட்டையனை மூக்கால் தள்ளிப் படகில் விட்டது. செவத்தி என்னவோ சொல்ல வாயெடுத்தது.

"முதல்ல அதோட தலையைத் துவட்டி விடு," என்றது திமிங்கிலம். "சளி பிடிச்சுக்கப் போகுது."

சொல்லிவிட்டுத் தன் குட்டியை அணைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விட்டது. கரை சேரும்வரை செவத்தி மொட்டையனின் தலையை நக்கித் துவட்டிக்கொண்டே வந்தது.

அடுத்தவர் தவிப்பை நாம் வேடிக்கையாக்கிவிடக் கூடாது. தள்ளி நில் என்று ஒருவர் சொன்னால், காரணம் புரியாவிட்டாலும் முதலில் தள்ளி நிற்க வேண்டும்.