ஆள்காட்டி கூவாத காலை

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சுதான். அப்போது காட்டை வெட்டிக்கொண்டு முதன்முதலில் ஆற்றங்கரைக்கு வந்தவன் மூக்கன். கூட அவன் பெண்டாட்டி செவத்தி. மண் கறுப்பு, போட்டது விளைந்தது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் ஆறு வீட்டுக்குள் வந்தது. கரை போட ஆள் வேண்டும். இரண்டு பேர் கூடை சுமந்து ஆற்றை நிறுத்த முடியுமா?

அக்கரையில் போகிறவர்களுக்கு நாணல் மறைத்து ஊர் தெரியாது. மஞ்சள் காலோடு மணலில் நின்ற ஒரு பறவை, "ஆள் வந்தா நான் கூவுறேன், ஓடிவந்து கூட்டிட்டுப் போங்க" என்றது. பதிலுக்கு, உழுத நிலத்தில் அது புழு பொறுக்கலாம் என்றார்கள். ஆள்காட்டி என்ற பேர் அப்படி வந்தது.

அது கூவும். செவத்தி கூழ்ச்சட்டியோடு ஓடுவாள். வந்தவனுக்கு ஒரு துண்டு நிலம், கரைக்கு இரண்டு கை. இப்படியே பதினோரு வீடாயிற்று. கரையும் இடுப்பளவு வந்தது. கடைசியில் ஒரே ஒரு துண்டு மிச்சம். அதை மூக்கன் தன் தம்பிக்கென்று வைத்திருந்தான். தம்பி ஏழு வருஷமாக வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"உங்க தம்பி மூட்டை கட்டி முடிக்கிறதுக்குள்ள ஆறே வத்திரும்" என்பாள் செவத்தி.

ஒரு காலை அக்கரையில் புழுதி எழுந்தது. முப்பது பேர், மண்வெட்டியும் ஆடுகளுமாக. பறவை கழுத்தை நீட்டியது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மூக்கன் எட்டி வந்து மறித்தான்.

"ஏய், கத்தித் தொலைக்காதே."

"முப்பது பேர் மூக்கா! கரை ஆள் உயரம் போயிரும்."

"முப்பது வாயும்தானே வருது? நிலத்துக்கு எங்கே போக?"

"தம்பி நிலம் இருக்கே."

"அவன் நாளைக்கு வந்து நின்னா? இன்னைக்கு ஒரு நாள் உனக்குத் தொண்டை கட்டிப்போச்சுன்னு வச்சுக்கோ."

பறவை சும்மா இருந்தது. அக்கரையில் நின்றவர்கள் ஆள் அரவம் ஏதும் கேட்குமா என்று காது கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டுக் கீழ்த்திசையில் போய்விட்டார்கள்.

அந்த ஐப்பசியில் ஆறு ஏறியது. பதினோரு வீடும் கூடை தூக்கியும் கரை நிற்கவில்லை. முதலில் போனது தம்பியின் துண்டு. பிறகு ஒவ்வொரு மழைக்கும் ஒரு வயலாகப் போனது, ஒரு வீடாகக் கிளம்பியது.

கடைசியாக மூக்கனும் செவத்தியும் மூட்டையோடு மணலில் இறங்கினார்கள். செவத்தி பறவையிடம் நின்றாள்.

"கீழே ஆத்துத் திருப்பத்துல முப்பது பேர் ஊர் போட்டு நல்லா இருக்காங்களாம். இந்த வழியாத்தான் வந்தாங்களாமே. நீ ஏன் கூவலை?"

பறவை மூக்கனைப் பார்த்தது. மூக்கன் தண்ணீரைப் பார்த்தான்.

"தொண்டை கட்டியிருந்துச்சு அக்கா" என்றது பறவை.

மனிதர்களிடம் அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அன்று முதல்தான், ஆற்றோரம் ஒரு தலை தெரிந்தாலும் ஆள்காட்டி யார் எவர் என்று பார்ப்பதில்லை. யாரையும் கேட்பதுமில்லை. கூவிவிடுகிறது.