பாலைக் குடித்தது யார்?

பூவாற்றூர் ராஜாவின் சாப்பாட்டை முதலில் ருசி பார்ப்பவன் திருமலைக்கொழுந்து. விஷம் இருந்தால் முதலில் சாகவேண்டிய உத்தியோகம். ஆனாலும் அவன் பயந்தது விஷத்துக்கல்ல, ராஜாவின் மைத்துனர் ரங்கபூபதி எழுதிய கூத்துக்குத்தான்.

கூத்தின் கதை இவ்வளவுதான்: காய்ச்சி வைத்த பாலைக் காணோம். தேடினார்கள். குடித்தது பூனை.

இதை மர்மக் கூத்தாக்கி, காலையில் தொடங்கி விளக்கு வைக்கும்வரை அரண்மனையில் ஆடவைத்தார் ரங்கபூபதி. சமையல்காரன் மேல் சந்தேகம். அவன் திரைக்குப் பின்னால் நின்று அரை நாழிகை பாடிவிட்டுத்தான் முகம் காட்டினான். அடுத்து பால்காரன். பிறகு அவன் மாடு. ஆனால் பூனை வேஷக்காரன் அவசரப்பட்டு, முதல் காட்சியிலேயே மீசையில் பாலோடு வந்து உட்கார்ந்துவிட்டான். குழந்தைகள்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். மேடையில் இருந்தவர்கள்தான் மாலைவரை தேடினார்கள்.

கூத்து முடிந்ததும் ராஜா கொழுந்தைத் தனியே அழைத்தார்.

"திருவிழாவுக்கு அக்கம்பக்கத்து ராஜாக்கள் வருகிறார்கள். ரங்கபூபதி இதையே ஆடவைக்கப்போகிறானாம். நீதான் ருசி அறிந்தவன். நாளை மதியம் ராணி முன்னால் உன் தீர்ப்பைச் சொல்."

"சொல்கிறேன், மகாராஜா."

"அவள் தம்பியைக் குறை சொன்னால் அவள் உன்னை வேலையில் வைக்கமாட்டாள். பொய் சொன்னால் நான் வைக்கமாட்டேன்."

மறுநாள் மதியம். ராஜா, ராணி, ரங்கபூபதி மூவரும் இலை முன் அமர்ந்தார்கள். கொழுந்து தலையாட்டும்வரை யாரும் சோற்றைத் தொடக்கூடாது என்பது அரண்மனை வழக்கம்.

அவன் கத்தரிக்காய்க் குழம்பை ஒரு வாய் வைத்தான். கண்ணை மூடினான். அவன் சொல்லிவைத்திருந்தபடி இரண்டு பணியாட்கள் வந்து அவன் முன் திரை பிடித்தார்கள்.

"குழம்பில் ஏதோ இருக்கிறது," என்றது திரைக்குப் பின்னிருந்து குரல்.

ரங்கபூபதி கையைப் பின்னுக்கு இழுத்தார். "என்ன இருக்கிறது?"

"சற்றுப் பொறுக்கவேண்டும் ஐயா. முதலில் இந்தக் கத்தரிக்காய் காய்த்த தோட்டத்தைப் பார்ப்போம்."

தோட்டத்தைப் பாடினான். தண்ணீர் இறைத்தவனைப் பாடினான். அவன் மாமியாரையும் விடவில்லை. புளி விற்றவன் ஊர்விட்டு ஊர் வந்த கதை தனியாக ஓடியது. சோறு ஆறியது. நெய் உறைந்தது. ராஜாவின் வயிறு எல்லோருக்கும் கேட்டது.

"ஓய், குழம்பில் என்னதான் இருக்கிறது? சொல்லித் தொலையும்," என்று இரைந்தார் ரங்கபூபதி.

திரை விலகியது. "உப்பு ஒரு கல் கூடுதல், ஐயா."

"இவ்வளவுதானா? வாயில் வைத்ததுமே தெரிந்திருக்குமே. ஒரு பேச்சில் முடிவதை இப்படியா இழுப்பது? எதிரே உட்கார்ந்திருப்பவன் பாடு என்ன என்று கொஞ்சமாவது யோசித்தீரா?"

கொழுந்து கைகட்டி நின்றான். "மகாராஜா, கூத்தைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லவில்லை. ஐயாவே சொல்லிவிட்டார்."

முதலில் சிரித்தது ராணிதான். பிறகு ராஜா. ரங்கபூபதி மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜா தன் மோதிரத்தைக் கழற்றிக் கொழுந்திடம் கொடுத்தார். "சரி, திருவிழாவில் கூத்து எவ்வளவு நேரம் நடக்கலாம்?"

"ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற நேரம், மகாராஜா. அதிலும் பாதி, ஐயாவுக்கு மாலை போடுவதற்கு."