வேப்பெண்ணெய் தெளிச்ச வெல்லம்

ஒரு ஊர்ல ஒரு அணைக்கட்டு இருந்துச்சாம். ம் கொட்டணும், சரியா? நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன். காலை என் மேல இருந்து எடு, கனக்குது. நாளைக்கு உங்க பள்ளிக்கூடத்துல பஸ் வச்சுக் கூட்டிட்டுப் போறாங்களே, அந்த மாதிரி ஒரு அணைதான். ரெண்டு மலைக்கு நடுவுல ஒரே கல்லுச் சுவரு.

அதைக் கட்டுனது பெரிய சண்டை நடந்த காலத்துல. சண்டை எங்கயோ கடலுக்கு அந்தப் பக்கம். ஆனா பசி மட்டும் நம்ம பக்கம் வந்துடுச்சு. பர்மா அரிசி நின்னு போச்சு. சிமெண்டு பூரா பட்டாளத்துக்குப் போயிடுச்சு. அப்போ அணையை எதை வச்சுக் கட்டுறது? சுண்ணாம்பு வச்சுத்தான். கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணியைச் சுண்ணாம்புல ஊத்தி, வட்டக் குழியில போட்டு, மாடு கட்டி அரைப்பாங்க. லொடக் லொடக்னு நாள் பூரா கல்லுருளை சுத்தும். அரைச்சதைப் பொம்பளைங்க சட்டியில சுமந்துட்டுப் போய் கொத்தனாருக்குக் கொடுக்கணும்.

என்ன, வெல்லமாங்குறியா? ஆமா, வண்டி வண்டியா வந்து இறங்கும். கட்டுறவ வயித்துக்குக் கஞ்சி இல்ல, சுவத்துக்கு வெல்லம். யாரும் தின்னுடக் கூடாதுன்னு மேஸ்திரி அது மேல வேப்பெண்ணெயைத் தெளிச்சு வச்சிருந்தாரு. தண்ணியில ஊறி சுண்ணாம்போட அரைபட்டா அந்த வாடை போயிடும். கட்டியாத் தொட்டா கையை விட்டுப் போகாது. அதனால சாயங்காலம் மணி அடிச்சதும் பொம்பளைங்க வரிசையா நின்னு ரெண்டு கையையும் நீட்டணும். மேஸ்திரி ஒவ்வொரு கையா மோந்து பாப்பாரு. வாடை அடிச்சா மறுநாள்ல இருந்து வேலை கிடையாது.

அங்க பவளாயின்னு ஒருத்தி. புருஷன் பட்டாளத்துக்குப் போயிட்டான், ஒரு கடுதாசி கூட வரலை. ரெண்டு வயசுல ஒரு பையன், பேரு மாசானம். அவளுக்குச் சிநேகிதி வீராயி. அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மாசானத்தை இடுப்புல வச்சுக்கிட்டு வேலை பாப்பாங்க.

ஒரு நாள் மாசானம் பசியில அழுதான். மறுநாளும் அழுதான். மூணாம் நாள் அழவே இல்ல, சும்மா கிடந்தான். அன்னைக்குப் பவளாயி வெல்லக் குவியல் பக்கம் போனா. யாரும் பாக்காதப்போ எலுமிச்சம்பழம் அளவு வெல்லம் எடுத்து மடியில கட்டிக்கிட்டா. பாறைக்குப் பின்னால கொண்டு போய் அவன் வாயில வச்சா. கசப்புக்கு மூஞ்சியைச் சுளிச்சான், அப்புறம் சப்பு சப்புன்னு சப்பித் தின்னான். அவ ஒரு துளி வாயில வைக்கலை, அதையும் சொல்லணும்ல.

ஆனா கை நாறுதே. என்ன பண்ணுனா தெரியுமா? தண்ணி ஊத்தி நீத்தாத சுண்ணாம்பை, தொட்டாலே பொசுக்கும் அது, எடுத்து உள்ளங்கையில பரபரன்னு தேச்சா. தோலு பொத்துப் போச்சு, வாடையும் போச்சு.

டங் டங் டங்னு மணி அடிச்சுது. மாசானம் வீராயி இடுப்புல இருந்தான். வாயோரம் பழுப்பா ஒழுகிட்டு இருந்துச்சு. வீராயி தன் உள்ளங்கையால அதைத் துடைச்சு விட்டா, அவனைக் கீழ இறக்கி விட்டா, வந்து வரிசையில நின்னா.

மேஸ்திரி பவளாயி கையை மோந்து பாத்தாரு. சுண்ணாம்பு. போன்னுட்டாரு. வீராயி கையை மோந்து பாத்தாரு. நின்னாரு. இன்னொரு தடவை மோந்து பாத்தாரு. இருநூறு பேருக்கு நடுவுல, திருடி அப்படின்னாரு. அவ கால்கிட்ட இருந்த சட்டியைத் தூக்கி டமார்னு எறிஞ்சாரு.

வீராயி வாயைத் திறக்கலை. பவளாயியை ஒரே ஒரு தடவை பாத்தா. பவளாயி தரையைப் பாத்தா. அவ்வளவுதான் நடந்துச்சு.

ம்? முழிச்சுட்டுத்தான் இருக்கியா? சரி. எனக்கு இந்த இடம் வந்தாலே கூசும். சொல்ற எனக்கே இப்படின்னா, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

அப்புறம் சண்டை ஓஞ்சுது. பவளாயி புருஷன் திரும்பி வந்தான், அவளையும் பிள்ளையையும் வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போனான். அணையில தண்ணி நிறைஞ்சுது, கீழ பூங்கா போட்டாங்க, சறுக்கு மரம் வந்துச்சு, ஜனங்க வேன் பிடிச்சுப் பாக்க வந்தாங்க. வீராயி அந்த இடத்தை விட்டு எங்கயும் போகலை, அணைக்குக் கீழ மீன் பொரிச்சு விக்கிறான்னு யாரோ வந்து சொன்னாங்க. அன்னையில இருந்து பவளாயி அந்தத் திசையில தலை வச்சுக்கூடப் படுக்கலை. ரொம்பக் காலம் கழிச்சு, அணை பாக்கப் போகலாம்னு மகன் ஒரு வருஷம் கூப்பிட்டான், முட்டி வலின்னா. அடுத்த வருஷம் கூப்பிட்டான், விரதம்னா. மூணாவது வருஷம் தண்ணியைப் பாத்தா தலை சுத்தும்னா. யாரு, அணை கட்டுனவ சொல்றா பாரு.

நாலாவது வருஷம் மாசானம் கேக்கவே இல்ல. மீசை நரைச்சு, தொப்பை போட்டுட்டான் அவன். ஆத்தாவை அப்படியே தூக்கி வேன்ல உக்கார வச்சுட்டான்.

போய் இறங்குனா, அம்மாடி, என்னா தண்ணி. மலை பூரா அதுல தலைகீழாத் தெரியுது. காத்து சிலுசிலுன்னு அடிக்குது. பேரன் பேத்தி எல்லாம் ஓ ஓன்னு கத்துதுங்க. பவளாயிக்கு அதெல்லாம் கண்ணுல ஏறலை. அணைச் சுவத்துல ஒரு இடத்துல ஈரம் கசிஞ்சுட்டு இருந்துச்சு. நான் எடுத்த வெல்லம் குறைஞ்ச இடம் இதுதான்னு நெனச்சு, முந்தானையால துடைச்சா. துடைக்கத் துடைக்க ஈரம் வந்துட்டே இருந்துச்சு.

அந்தப் பக்கம் சொய்ங்குன்னு எண்ணெய்ச் சத்தம். வீராயி தலை பூரா வெள்ளையா, கல்லு மேல உக்காந்து மீனைத் திருப்பிட்டு இருக்கா. பவளாயி நாலு எட்டு வச்சா, சோளக்கருது விக்கிறவன் வண்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா. வேனுக்குத் திரும்பிட்டா.

ரெண்டாவது தடவை போனா. அடுப்பு வரைக்கும் போயிட்டா. வீராயி நிமிந்து பாத்து, மீன் வேணுமான்னு கேட்டா. வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டா. அவ்வளவு வருஷம் கழிச்சு அவகிட்டப் பேசுன பேச்சு, வேணாம்.

அப்புறம் பாம் பாம்னு வேன்காரன் ஹாரன் அடிச்சான். எல்லாரும் ஏறுறாங்க. இப்ப ஏறிட்டா இனிமே கிடையாதுன்னு பவளாயிக்குத் தெரிஞ்சு போச்சு. காலு தானா நடந்துச்சு. அடுப்புக்கு முன்னால போய் நின்னு, ரெண்டு கையையும் நீட்டுனா. அன்னைக்கு வரிசையில நீட்டுன மாதிரியே நீட்டுனா.

"மோந்து பாரு வீராயி."

வீராயி கரண்டியைக் கீழ வச்சா. அந்தச் சுண்ணாம்புத் தழும்பையே ரொம்ப நேரம் பாத்தா.

"அன்னைக்கே தெரியும் பவளம். உன் மகன் வாயில அடிச்ச வாடைதானே என் கையில."

"அப்போ ஏன் சொல்லலை?"

"நீ சொல்லுவேன்னு நின்னேன்."

பவளாயிக்கு அடிச்சுப் போட்ட மாதிரி ஆயிடுச்சு. இத்தனை வருஷமா, வீராயிக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் சோறு தின்னா, தூங்குனா. வெல்லம் எடுத்தது கூடப் பெருசில்ல கண்ணு. பசிச்ச பிள்ளைக்கு யாருதான் எடுக்க மாட்டா? ஒருத்தி காத்துட்டு நின்னா, இவ தரையைப் பாத்தா. அதுதான் அசிங்கம்.

அப்போ மாசானம் ஆத்தாவைத் தேடிட்டு வந்தான், கையில மீனு, வாயெல்லாம் மசாலா. பின்னாலயே மருமக, பேரன் பேத்தி, மீன் வாங்க நின்ன ஜனம். பவளாயி எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொன்னா. அணை கட்டும்போது வெல்லத்தை எடுத்தது நான், திருடின்னு பேரு வாங்குனது இவ, அப்படின்னு. பேரன் பாட்டியை ஒரு மாதிரியாப் பாத்தான். அந்தப் பார்வையை அவ தரையைப் பாக்காம வாங்கிக்கிட்டா.

வீராயி எந்திரிச்சு மாசானம்கிட்டப் போனா. அவன் வாயோரத்தைத் தன் உள்ளங்கையால துடைச்சு விட்டா.

"இன்னும் இவனுக்கு ஒழுங்காத் திங்கத் தெரியலையே" அப்படின்னா.

அப்புறம் கல்லு மேல கொஞ்சம் தள்ளி உக்காந்தா. பவளாயி பக்கத்துல உக்காந்தா. வேன் நின்னுட்டு இருந்துச்சு.

மன்னிச்சுட்டாளான்னு கேக்குறியா? அவ சொல்லலை. இவளும் கேக்கலை, கேக்க எந்த மூஞ்சி இருக்கு. மீன் கருகுதுன்னு வீராயி சொன்னா, பவளாயி எடுத்துத் திருப்பிப் போட்டா.

அணைக்கு மதகைச் சாத்தியாச்சு, கதைக்கும் சாத்தியாச்சு. நீயும் கண்ணைச் சாத்து.