கை மட்டும் நுழையும் ஜன்னல்

அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பவளக்கொடியின் ஜன்னலில் ஒரு கை மட்டும்தான் நுழையும். பதினோரு வருஷமாக அவள் பார்த்தது வெறும் கைகளைத்தான்.

பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி அதட்டினார். “நோயாளி முகத்தைப் பார்த்து விளக்கணும். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைக்கணும். இதுகூடத் தெரியாதா?”

“செஞ்சிடலாம் சார். நீங்களே ஒரு தடவை நோயாளியா வந்து காட்டுங்க.”

அவர் வெளியே போய், கூட்டத்தில் இடிபட்டு, கையை நீட்டினார். அவள் மாத்திரையை வைத்து, வழக்கமான குரலில் விளக்கினாள்.

“இப்போ திருப்பிச் சொல்லுங்க சார்.”

“என்னம்மா சொன்னே? ஒண்ணுமே கேக்கலை.”

வரிசையே சிரித்தது.

மறுவாரம் ஜன்னலை அகலமாக்கினார்கள். மாசாமாசம் சர்க்கரை மாத்திரை வாங்கும் பெரியவர் கையை நீட்டினார். கட்டைவிரல் தழும்பை வைத்தே அவளுக்கு அவரைத் தெரியும்.

அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஊருக்குப் புதுசாம்மா?”