விண்கல் போக வழி விடுங்கள்

பூசணிக்குண்டு ஊரில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒருவரும் அதை எடுத்துச் செலவழித்ததில்லை, அவ்வளவுதான்.

ஊருக்கு வரும் ஒரே பேப்பரை ஊர்க் கமிட்டிச் செயலாளர் காத்தமுத்து உரக்கப் படிப்பார். அன்றைக்குப் படித்தது இது: பஸ் அளவுள்ள விண்கல் ஒன்று வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பூமியைப் பத்திரமாகக் கடந்து செல்லும்.

தலைவர் அம்மாசி வெகுநேரம் யோசித்தார். பத்திரமாகக் கடக்கும் என்று அச்சிலேயே போட்டுவிட்டார்கள், நம்ம ஊரில் வந்து அதற்கு ஒரு கீறல் விழுந்தால் யாருக்கு அசிங்கம் என்று கேட்டார். கமிட்டிக்கு வியர்த்துவிட்டது.

தேர் வரும்போது என்ன செய்வார்களோ அதையே செய்வதென்று முடிவாயிற்று. டவுன் பஸ்ஸை நிறுத்தி அகலமும் உயரமும் அளந்தார்கள். கிளைகளை வெட்டினார்கள். மின்கம்பியை இறக்கினார்கள். கல் குலுங்காமல் போகட்டும் என்று வேகத்தடையையும் கொத்தி எடுத்தார்கள். கடைசியில் செம்பாயியின் இட்லிக்கடை முன்னால் வந்து நின்றார்கள்.

அவளுடைய தகரக் கூரை ரோட்டுப் பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. போன வாரம்தான் போட்டது. ஐப்பசி மழையில் அடுப்பு அணையாமல் காக்க அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அவள் பேப்பரைப் பிடுங்கி மிச்சத்தையும் படித்தாள். "இருபது லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போகுதுன்னு போட்டிருக்கேண்ணே. என் கூரையில எப்படி இடிக்கும்?"

"தேரும் நடுத்தெருவுலதான் போகுது, தங்கச்சி," என்றார் காத்தமுத்து பொறுமையாக. "அதுக்காக ஓரத்துக் கிளைய வெட்டாம விட்டிருக்கமா?"

"அப்ப தலைவர் வீட்டு மாடி ரோட்டு மேலயே நிக்குதே?"

கமிட்டி தனியாகக் கூடிப் பேசியது. மாடி வீடு தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும், கல் தானாக ஒதுங்கிக்கொள்ளும், தாழ்ந்த கூரைதான் ஆபத்து என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். கூரையைக் கழற்றிக் கமிட்டி அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

வியாழக்கிழமை பதினொன்றும் ஆயிற்று, பதினொன்றே காலும் ஆயிற்று. வானத்தில் ஒரு காக்கை போயிற்று. எங்கேயும் ஒரு கீறல் இல்லை. கமிட்டியார் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டார்கள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

செம்பாயி நனைந்தபடியே வந்து கூரையைக் கேட்டாள்.

காத்தமுத்து பேப்பரைப் புரட்டினார். அடுத்த தடவை அந்தக் கல் முப்பத்தேழு வருஷம் கழித்து வருமாம். "போன பஸ் திரும்பி வராதா, தங்கச்சி? ரிட்டர்ன் ட்ரிப்பும் முடியட்டும்."

அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கடைசியில் தலைவரே மனமிரங்கினார்.

"அதுவரைக்கும் அடுப்புக்கு மேல குடை பிடிச்சுக்கம்மா. ஹாரன் கேட்டா மட்டும் மடக்கிடு."